தாஜ்மகாலில் ஒரு சமையலறை ஜன்னல்

வீட்டுக்கு பிளான் போட்டுத் தருகிற தொழிலில் கோபமே வராத ஒருவரை நீங்கள் பார்த்திருந்தால், அவருக்கு இன்னும் முதல் வாடிக்கையாளர் வரவில்லை என்று அர்த்தம்.

எனக்கு நிறையப் பேர் வந்தார்கள். அதனால் கோபமும் நிறைய. இரண்டாயிரத்துக்குப் பிறகு சேலையூரிலிருந்து மாடம்பாக்கம் வரை காலி மனை என்று ஒன்று கண்ணில் பட்டால் மறுமாதம் அங்கே ஜல்லி கொட்டியிருக்கும். வங்கிக்காரர்கள் வீடு தேடி வந்து கடன் கொடுத்த காலம். கேம்ப் ரோட்டில் ஒரு டைல்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறையில் என் ஆபீஸ். கீழே கல் அறுக்கிற மிஷின் அலறும், மேலே நான் அலறுவேன். வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், அந்த வீட்டுக்குப் பிளான் போட்டவளையும் ஒரு தரம் பார் என்று சேர்த்துச் சொல்லாமல் போய்விட்டார்கள். சொந்த வீடு கட்டியவர்களே, கட்டிக்கொண்டிருப்பவர்களே, கட்டுகிறவருக்குப் பக்கத்து வீட்டில் மாட்டிக்கொண்டவர்களே, நீங்களும் பட்டவர்கள்தான் என்பதால் உங்களிடம் கொட்டுகிறேன்.

ஒன்று மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குக் கட்டடங்கள் என்றால் உயிர். எழும்பூர் ஸ்டேஷனில் ரயிலைப் பிடிக்கப் போய், அந்தச் சிவப்புக் கட்டடத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே ரயிலை விட்டவள் நான். நல்ல கட்டடத்தைப் பார்த்து ரசிப்பது ஒன்று. அதன் மண்டையை மட்டும் வெட்டிக் கொண்டுவந்து முப்பதுக்கு நாற்பது மனையில் ஒட்டுவது இன்னொன்று. இந்த வித்தியாசத்தைச் சொல்லிச் சொல்லியே என் தொண்டை போனது.

சார் இல்லையா?

மாடிப்படி ஏறி வருகிறவர்கள் முதலில் என்னைப் பார்ப்பார்கள். அப்புறம் என் தோளுக்குப் பின்னால் பார்ப்பார்கள். அங்கே சுவரும் ஒரு காலண்டரும்தான் இருக்கும். “சார் இல்லையா?” என்பார்கள். நான்தான் இன்ஜினியர் என்பேன். “அது சரிம்மா, சார் எப்ப வருவாரு?” என்பார்கள். வராத சாருக்காக அரை மணி நேரம் காத்திருந்து போனவர்கள்கூட உண்டு.

அன்வர் பாயும் அப்படித்தான் காலண்டரைப் பார்த்தார். தாம்பரம் ஸ்டேஷன் பக்கத்தில் பை, சூட்கேஸ் கடை வைத்திருப்பவர். கூட அவர் மனைவி ஜீனத் அக்கா. அனகாபுத்தூரில் ஆற்றோரச் சந்து ஒன்றில் பல வருஷமாக வாடகைப் போர்ஷனில் இருந்தார்கள். மழை பெய்தால் தண்ணீர் கேட்காமலே உள்ளே வரும், வெயில் காலத்தில் காற்று கெஞ்சினாலும் வராது. சமையலறை மாடிப்படிக்கு அடியில். ஜன்னல் என்ற பேச்சே கிடையாது. தாளிக்கிற நெடி போக வழியில்லாமல் அக்காவுக்கு மூச்சிரைப்பு வந்துவிட்டது. என் மாடிப்படி ஏறி வந்ததற்கே கைப்பையிலிருந்து இன்ஹேலரை எடுத்து ஓர் இழுப்பு இழுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். காற்றோட்டமான இடத்தில் சமைக்காவிட்டால் மருந்து கொடுத்துப் பிரயோஜனமில்லை என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாராம். அதற்காகத்தான் சேலையூரில் மனை வாங்கியதாக அன்வர் பாயே சொன்னார்.

கீழே ரெண்டு ரூம், மேலே ரெண்டு ரூம், கார் நிறுத்த போர்டிகோ என்று அவர் அடுக்கி முடித்ததும் நான் அக்காவைப் பார்த்து, உங்களுக்கு என்ன வேணும் என்று கேட்டேன். அப்படி ஒரு கேள்வியை அதுவரை யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. புருஷனை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறந்தார். “சமையக்கட்டுல ஒரு ஜன்னல் வேணும் மேடம். பெருசா. ரோட்டப் பாத்தாப்ல.” வேறு எதுவும் கேட்கவில்லை. அவர் கண் முன்னாலேயே சமையலறையை வீட்டின் முன்பக்கம், கிழக்கு மூலையில் வைத்து, சுவரின் பாதி அகலத்துக்கு ஒரு ஜன்னலை வரைந்து காட்டினேன். அக்கா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்துப் பார்த்தார். அன்வர் பாய் தாளைத் தன் பக்கம் திருப்பினார். “ஜன்னல் எல்லா வூட்லயும்தான் கீது மேடம், நீங்க எலிவேஷனச் சொல்லுங்க.”

கண்ணாடிப் பெட்டிக்குள்ளே

எலிவேஷன் என்றால் வீட்டின் முகப்பு. எங்கள் பக்கத்தில் அதற்கு அர்த்தமே வேறு. வீடு என்பது உள்ளே இருக்கிறவர்களுக்கு, எலிவேஷன் என்பது தெருவில் போகிறவனுக்கு. கடன் வாங்குவது உள்ளே இருப்பவன், கண்ணுக்கு விருந்து தெருவில் போகிறவனுக்கு. கொண்டையில் தாழம்பூ, உள்ளே ஈரும் பேனும் என்று சும்மாவா சொன்னார்கள்?

அடுத்த முறை அன்வர் பாய் வந்தபோது மடியில் ஒரு கண்ணாடிப் பெட்டி. ஆக்ராவுக்குச் சுற்றுலா போன இடத்தில் வாங்கிய பொம்மைத் தாஜ்மகால். பிளக்கில் சொருகினால் உள்ளே பச்சை, சிவப்பு, நீலம் என்று மாறி மாறி எரியும். என் மேஜையில் வைத்து எரியவிட்டுக் காட்டினார். “இதான் மேடம் நம்ம எலிவேஷன்.” போர்டிகோவுக்கு மேலே கும்மட்டம், நாலு மூலையிலும் நாலு தூண், முன்சுவர் முழுக்க வளைவு.

நானும் ஆக்ராவுக்குப் போயிருக்கிறேன். அந்தச் சிவப்புக் கல் வாசலைத் தாண்டியதும் தூரத்தில் அது வெள்ளையாக நின்றதைப் பார்த்து நகராமல் நின்றேன். அதன் அழகில் பாதிதான் அந்தக் கும்மட்டம். மீதிப் பாதி, அதற்கு முன்னால் விட்டுவைத்திருக்கிற வெறும் இடம். தோட்டம், தண்ணீர், பின்னால் வானம். தள்ளி நின்று பார்க்க இடம் விட்டதால்தான் அது தாஜ்மகால். இதையெல்லாம் உருகி உருகி அன்வர் பாய்க்குச் சொன்னேன். நம்ம தெருவில் ஒரு லாரி வந்தால் இன்னொரு லாரி பின்னால் போக வேண்டும், வாசலுக்கு நேரே டிரான்ஸ்பார்மர் வேறு, இதை எங்கே நின்று பார்ப்பது என்று கேட்டேன். அவர் மனப்பூர்வமாக யோசித்தார். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். யோசித்து முடித்துவிட்டுச் சொன்னார்: “அதுக்குத்தான் எதிர்வூட்டுக்காரன் இருக்கானே மேடம், அவன் மொட்டமாடிலேர்ந்து பாத்தா சூப்பரா தெரியும்.”

கௌரவம்

மேற்குத் தாம்பரத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் பக்கமாகப் போனால் நான் கொஞ்சம் மெதுவாகத்தான் நடப்பேன். பழைய வரிசை வீடுகள். தடித்த சுவர், உயரமான கூரை, கூரைக்கு அடியில் சூடான காற்று வெளியேறச் சின்னச் சின்னத் திறப்பு, முன்னால் நிழலுக்கு ஒரு வராந்தா. யார் வரைந்தார் என்று யாருக்கும் தெரியாது. சித்திரை வெயிலில் உள்ளே போனால் தெரியும் அந்த ஆள் எவ்வளவு கெட்டிக்காரர் என்று. அதைப் பார்க்க யாரும் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருவதில்லை. தாஜ்மகாலுக்குக் கொடுக்கிற மரியாதையில் கால்வாசியையாவது அதற்குக் கொடுக்கலாம் என்பது என் கட்சி.

ரயில்வேயில் ரிட்டையரான தேவசகாயம் சார் வேலை பார்த்த காலமெல்லாம் அந்த வரிசையில்தான் இருந்தார். சொந்த வீடு கட்ட என்னிடம் வந்தார். சென்ட்ரல் ஸ்டேஷன் மாதிரி சிவப்பும் வெள்ளையுமாக ஒரு மணிக்கூண்டு வேண்டும், அதற்குள் தண்ணீர்த் தொட்டி. கீழே தாழ்வான ஃபால்ஸ் சீலிங், திறக்கவே முடியாத பெரிய கண்ணாடி, வராந்தா கூடவே கூடாது. சார், சென்ட்ரலை விடுங்கள், நீங்கள் இத்தனை வருஷம் இருந்த குவார்ட்டர்ஸிலிருந்து சுவரையும் கூரையையும் எடுத்துக்கொள்வோம் என்றேன். ரிட்டையரானவரை மறுபடி யூனிபாரம் போடச் சொன்ன மாதிரி என்னைப் பார்த்தார். அங்கே உங்களுக்கு என்ன குறை இருந்தது, சொல்லுங்கள் என்று கத்தியே விட்டேன். அவர் கோபப்படவே இல்லை. “குறையே இல்லம்மா, சர்வீஸ் பூரா அங்க நல்லாத் தூங்கினேன், இனிமேலாவது கௌரவமா இருக்கணும்.”

சாமிக்கு ஒரு வீடு, நமக்கு ஒரு வீடு

பிளான் தயாரானதும் அதன் நாலு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி காலடியில் வைத்து எடுத்த பிறகுதான் கடைக்கால் தோண்டுவது என்று பல வீடுகளில் வழக்கம். என்னிடம் பிளான் போட்ட மூர்த்தி சார் குன்றத்தூர் முருகனிடம் வைக்க வேண்டும் என்றார். வரைந்த கையும் கூட வர வேண்டும் என்று என்னையும் கூட்டிக்கொண்டு போனார். நல்ல வெயில். படியேறி முடித்து, தரிசனம் முடித்து, மண்டபத்தில் உட்கார்ந்தோம். உட்கார்ந்ததும் காற்று வந்தது. மூர்த்தி சார் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, “ஆகா, என்னா காத்து, என்னா காத்து” என்று உருகினார்.

இதுதான் சமயம் என்று நானும் ஆரம்பித்தேன். சுவரே இல்லாமல் தூணை மட்டும் நிறுத்தியிருக்கிறார்கள், கல் கூரை வெயிலைக் கீழே விடாது, எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் காற்றுக்கு வழி இருக்கிறது, யாரோ யோசித்துக் கட்டியது சார் என்றேன். மேலிருந்து பார்த்தால் கீழே புதிதாக முளைத்த வீடுகள் ரோஸ், கிளிப்பச்சை, கத்திரிப்பூ என்று பரந்து கிடந்தன. ஒன்றிலாவது திறந்த வராந்தா இல்லை. நான் போட்ட பிளானில் இருந்த வராந்தாவையும் மூர்த்தி சார் கண்ணாடி போட்டு மூடச் சொல்லியிருந்தார். அதை மட்டும் திறந்து விடுங்கள், இதே காற்று உங்கள் வீட்டுக்கும் வரும் என்றேன். அவர் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “சாமிக்குக் காத்து வேணும்மா, நமக்குத்தான் ஏசி வரப்போவுதே.”

ஜன்னல் டைம்டேபிள்

எங்கள் தொழிலில் நிறையப் பேர் ஒரு வீட்டுக்கு இரண்டு பிளான் கேட்பார்கள். ஒன்று அனுமதி வாங்க ஆபீசில் காட்டுவதற்கு. அதில் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் தாராளமாக இடம் விட்டிருக்கும். இன்னொன்று கட்டுவதற்கு. அதில் வீடு போய்க் காம்பவுண்டு சுவரில் முட்டிக்கொண்டு நிற்கும். நான் இரண்டாவதைப் போட மாட்டேன் என்பதால் நிறைய வாடிக்கை போயிருக்கிறது. போகட்டும்.

செம்பாக்கத்தில் அடுத்தடுத்த மனைக்காரர்கள் இரண்டு பேர். நாம் இடம் விடாவிட்டால் என்ன, பக்கத்து மனைக்காரர் விடுவார், அவர் விட்ட இடத்தில் நமக்குக் காற்று வரும் என்று இவர் கணக்குப் போட்டார். அவரும் அதே கணக்கைப் போட்டார். இருவரும் எல்லை வரை கட்டினார்கள். இருவரும் ஜன்னலை நேருக்கு நேர் வைத்தார்கள். வெளிப்பக்கம் திறக்கிற கதவு. இவர் திறந்தால் அவர் ஜன்னல் திறக்காது, அவர் திறந்தால் இவர் ஜன்னல் திறக்காது. பிளான் போட்டபோது நான் வேண்டாதவள், பிரச்னை வந்ததும் மேடம் வந்து பாருங்கள் என்று போன். போய்ப் பார்த்தேன். இடுக்கில் ஒரு பூனைதான் சௌகரியமாகப் படுத்திருந்தது. இப்போது எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று ஒரு வீட்டு அம்மாவைக் கேட்டேன். “காலைல நாங்க தொறப்போம், சாயங்காலம் அவங்க தொறப்பாங்க, ஞாயித்துக்கெழமதான் மேடம் சண்ட வருது.”

இரண்டு பக்கமும் ஒரே மாதிரி

அன்வர் பாய் வீடு வளர்ந்துகொண்டிருந்தது. நான் எதிர்த்து எதிர்த்துப் பார்த்துவிட்டு, கும்மட்டம்தானே, வெளியே இருந்து தொலையட்டும், உள்ளே அக்காவுக்கு ஜன்னல் இருக்கிறதே என்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மேல்தளம் போட்டதும் ஒருநாள் சைட்டுக்குப் போனேன். தெருவில் நின்று பார்த்தபோது எதுவோ குறைகிற மாதிரி இருந்தது. சமையலறை ஜன்னல் இல்லை. அந்த இடத்தைச் செங்கல் வைத்து அடைத்து, மேலே சிமெண்டில் ஒரு வளைவு வளைத்து, வளைவைச் சுற்றிக் கொடியும் பூவும் போட்டிருந்தார்கள். பூச்சு இன்னும் ஈரம் காயவில்லை.

மேஸ்திரி ஏழுமலையைப் பிடித்துக் கத்தினேன். அவர் சொன்ன காரணம் இது: போர்டிகோவுக்கு இடது பக்கம் ஹாலின் குறுகிய வளைவு. வலது பக்கம் சமையலறையின் அகல ஜன்னல். ஒரு கண் சின்னது, ஒரு கண் பெரியது மாதிரி இருக்கிறது என்று அன்வர் பாய்க்குத் தோன்றிவிட்டது. தாஜ்மகால் என்றால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டாமா? ஆகவே இரண்டையும் வெறும் வளைவாக்கிவிட்டார்கள். ஹாலுக்கு வேறு ஜன்னல் இருந்தது. சமையலறைக்கு ஒரு பக்கம் பக்கத்து வீட்டுச் சுவர், பின்னால் ஸ்டோர் ரூம். மாடிப்படிக்கு அடியிலிருந்து புறப்பட்ட அக்காவுக்கு இன்னொரு பெட்டி தயார். ஏழுமலை காலண்டரில் கிழித்த படத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார். “நீங்களே பாருங்க மேடம், தாஜ்மகால்ல எங்கனா ஜன்னல் கீதா? அல்லாம் வளைவுதான்.”

எனக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது. அது வெறும் வளைவு இல்லை ஐயா, உள்ளே போய்ப் பார்த்தவள் சொல்கிறேன், அந்த வளைவுகளுக்குள்ளே கல்லையே சல்லடையாகக் குடைந்து வைத்திருக்கிறார்கள், உள்ளே வெளிச்சம் வரட்டும் என்று, உள்ளே இருப்பது இரண்டு கல்லறை, செத்தவர்களுக்கே வெளிச்சம் விட்டுக் கட்டியிருக்கிறான் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினேன். திரும்பிப் பார்த்தால் ஜீனத் அக்கா அந்த இருட்டுச் சமையலறைக்குள் நின்றுகொண்டிருந்தார். அடைத்த இடத்தில் உள்ளங்கையை வைத்திருந்தார். சிமெண்ட் தூசிக்கு இருமினார். அன்வர் பாயிடம், இந்த வீட்டுக்கு பிளான் போட்டது நான் என்று யாரிடமும் சொல்லாதீர்கள் என்றேன். அவர் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். எனக்கு ஜூஸ் வாங்கி வர ஆள் அனுப்பிவிட்டு, பிரியமாகவே சொன்னார்: “எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கலாம் மேடம், டென்சன் ஆவாதீங்க, ஜீனத்துக்கு இதெல்லாம் பழக்கம்தான்.”

பால் காய்ச்சிய அன்று

புதுமனை புகுவிழாவுக்கு அழைப்பு வந்தது. போகக் கூடாது என்று இருந்தேன். அக்காவே போன் பண்ணி “நீங்க வரணும் மேடம்” என்றதால் போனேன். வந்த விருந்தாளிகளில் ஒருவரும் நேராக வீட்டுக்குள் போகவில்லை. அன்வர் பாய் வாசலிலேயே நின்று அவர்களை எதிர்வீட்டு மொட்டை மாடிக்கு அனுப்பிக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன். எதிர்வீட்டுக்காரர் படியில் நின்று வரவேற்க, ஒரு கூட்டம் ஏறியது, ஒரு கூட்டம் இறங்கியது. மேலே நின்று கும்மட்டத்தைப் பார்த்து “மாஷா அல்லா” என்றார்கள், “செம்ம” என்றார்கள், செல்போனில் படம் எடுத்துக்கொண்டார்கள்.

சமையலறைக்குள் போனது நானும் அக்காவும் மட்டும்தான். அக்கா பால் காய்ச்சினார். எக்ஸாஸ்ட் ஃபேன் ஸ்டோர் ரூமைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் வந்தது. ஒரு பாத்திரம் பால் பொங்கி வருவதற்குள் அவருக்கு இரைக்க ஆரம்பித்துவிட்டது. பின்பக்கப் படியில் உட்கார்ந்து இன்ஹேலரை இழுத்தார். எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. இந்தப் பெண்ணுக்கு மூச்சு விட வேண்டும் என்றுதானே மனை வாங்கினார்கள்? அந்த நேரம் பார்த்து வாசலில் ஒரு பெரியவர் அன்வர் பாயின் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். “உள்ள போவணும்னே இல்ல பாய், வெளியவே மனசு நெறஞ்சிடிச்சி.”

போர்டிகோவில் மீன் வாசனை

கொஞ்ச நாள் கழித்து அன்வர் பாயிடமிருந்து போன். “மேடம், உடனே வாங்க, மானம் போவுது.” கும்மட்டத்தில் விரிசல் விட்டுவிட்டது போலும் என்று, உண்மையைச் சொன்னால் கொஞ்சம் சந்தோஷமாகவே, ஸ்கூட்டியை எடுத்தேன். தெருமுனையிலேயே மீன் வறுக்கிற வாசனை.

போர்டிகோவில் கார் இல்லை. அது தெருவில் வெயிலில் நின்றது. கும்மட்டத்துக்கு நேர் கீழே ஒரு மேஜை. மேஜையில் கேஸ் அடுப்பு, பக்கத்தில் சிலிண்டர், மசாலா டப்பாக்கள், அரிவாள்மணை. தலையில் முக்காடு போட்டுக்கொண்டு ஜீனத் அக்கா நிதானமாக வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தார். கேட்டுக்கு வெளியே தெருப் பெண்கள் பாதிப் பேர். எதிர்வீட்டு மொட்டை மாடியில் எதிர்வீட்டுக்காரர், அவருக்குத்தான் இப்போது நல்ல காட்சி. மூன்று நாளாக இப்படித்தானாம். காலை டிபனிலிருந்து ராத்திரிச் சாப்பாடு வரை எல்லாம் தாஜ்மகால் வாசலில். “எலிவேஷனப் பாக்க பல்லாவரத்துலேர்ந்துலாம் ஆளு வர்றாங்க மேடம், வந்தா இவ கொழம்பு கொதிக்க வெச்சிக்கினு நிக்கிறா, கடைப் பசங்க சிரிக்கிறானுங்க, நீங்க சொன்னா கேப்பா” என்று அன்வர் பாய் கையைப் பிசைந்தார்.

நான் ஏன் சொல்ல வேண்டும்? படியில் உட்கார்ந்துகொண்டேன். அக்கா ஒரு தட்டில் எனக்கு ஒரு துண்டு வைத்துக் கொடுத்தார். இத்தனை மிளகாய்த் தூளும் எண்ணெயும் புகைந்தும் அவருக்கு இருமல் இல்லை, இரைப்பு இல்லை. கிழக்கிலிருந்து காற்று வந்து புகையை அப்படியே தூண்களுக்கு நடுவில் இழுத்துக்கொண்டு போனது. குன்றத்தூர் மண்டபம்தான் ஞாபகம் வந்தது. சரி, உள்ளே வா, ஊரே பார்க்கிறது என்று அன்வர் பாய் கெஞ்சினார். பார்க்கத்தானே கட்டினீர்கள் என்று நான் கேட்க நினைத்தேன், வாயில் மீன் இருந்தது. அக்கா கரண்டியால் மீனைத் திருப்பிப் போட்டார். அப்புறம் அடுப்பைத் தணித்துவிட்டு, முதல் தடவையாகப் புருஷனை நேராகப் பார்த்துப் பேசினார். சத்தமே போடவில்லை. “மேடம் சொன்னாங்களே, அந்த ராஜா செத்துப்போன பொண்டாட்டிக்கே வெளிச்சம் வர்றாப்ல கட்டினாருன்னு, நான் உசுரோட கீறேன், எனக்கு ஒரு ஜன்னல் போதும்.”

மறுநாள் காலையில் ஏழுமலை உளியும் சுத்தியலுமாக வந்து அந்த வளைவை உடைத்தார், இத்தனை வருஷத் தொழிலில் நான் வரைந்த அளவிலேயே நிற்கிற ஒரே ஜன்னல் இன்றைக்கும் அதுதான், அதையும் திறக்க வைத்தது என் படிப்பும் கத்தலும் இல்லை, நாலு துண்டு வஞ்சிரம்.